இன்றிரவு எந்தத் திசை? 10 ஆண்டு வானத்துக்கு ஒரு டைம்டேபிள்

சிலி நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரைச் சேர்ந்த செர்ரோ பச்சோன் மலை மீது இருக்கிறது வேரா ரூபின் வானாய்வகம். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கும் அதிக உயரம். அங்கே இருட்டு கவிந்ததும் ஒரு சாஃப்ட்வேர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது?

பதில் சொல்லி, டெலஸ்கோப் திரும்பி, 30 விநாடியில் ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் அதே கேள்வி மறுபடியும் வந்துவிடும். விடிவதற்குள் ஏறக்குறைய 1,000 தடவை. இப்படியே 10 வருஷத்துக்கு!

2025-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி இந்த வானாய்வகத்தின் முதல் படங்கள் வெளியாயின. அன்று அதிகம் பகிரப்பட்டது, ட்ரிஃபிட், லகூன் என்ற இரண்டு நெபுலாக்களும் இளஞ்சிவப்பு மேகங்களாக மிதக்கும் படம். 7 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் எடுத்த 678 படங்களை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கியது அது. எல்லோரும் அந்த அழகைப் பற்றிப் பேசினார்கள், 3,200 மெகாபிக்சல் கேமராவைப் பற்றிப் பேசினார்கள். டைம்டேபிளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால், விஞ்ஞானிகளுக்குள் பல வருஷம் வாதம் நடந்ததே அந்த டைம்டேபிளுக்காகத்தான்.

வழக்கமாகப் பெரிய டெலஸ்கோப்புகளில் நேரம் வேண்டும் என்றால் விஞ்ஞானிகள் விண்ணப்பம் போட வேண்டும். அனுமதி கிடைத்தால் இரண்டு இரவு, மூன்று இரவு தருவார்கள். தனக்கு வேண்டிய நட்சத்திரத்தையோ கேலக்ஸியையோ பார்த்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ரூபினில் அது நடக்காது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சர்வே. தென்திசை வானத்தில் சுமார் 18,000 சதுர டிகிரியை, ஒவ்வோர் இடத்தையும் 10 ஆண்டுகளில் 800 முறை வரை படம் எடுத்து, வானத்தையே ஒரு சினிமாவாக ஓட்டிப் பார்ப்பதுதான் திட்டம்.

இதற்கான கருவிகளும் சாதாரணமானவை அல்ல. பிரதான கண்ணாடியின் அகலம் 8.4 மீட்டர். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் தயாரான கேமரா, ஒரு சின்ன கார் அளவு. எடை சுமார் 3,000 கிலோ. ஒரே க்ளிக்கில் 9.6 சதுர டிகிரி வானம் உள்ளே வந்துவிடும். முழுநிலவு பிடிக்கும் இடத்தைப்போல 40 மடங்குக்கும் மேல். ஓர் இரவின் டேட்டா மட்டும் சுமார் 20 டெராபைட்.

இவ்வளவு பெரிய கண் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்க முடியும். ஒரு பக்கம் பார்க்கும்போது மற்ற பக்கம் நடப்பது போனது போனதுதான்.

ஆளுக்கொரு வானம்

முதலில், கரும்பொருளைத் தேடுகிறவர்கள். வானாய்வகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் வேரா ரூபின் (1928-2016), கேலக்ஸிகள் சுற்றும் வேகத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் தந்தவர். அவர் படிக்க விரும்பிய காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வானியல் மேற்படிப்பில் பெண்களைச் சேர்க்கவில்லை. 1975-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அவர் வழியில் வரும் இன்றைய விஞ்ஞானிகளுக்கு, கோடிக்கணக்கான கேலக்ஸிகளின் வடிவத்தை நுணுக்கமாக அளக்க வேண்டும். அதற்கு வானம் முழுக்க ஒரே சீராக, ஒரே ஆழத்துக்குப் படம் வேண்டும். அவசரமில்லை, ஆனால் ஏற்ற இறக்கம் கூடாது.

அடுத்து, வெடிக்கும் நட்சத்திரங்களைத் தேடும் சூப்பர்நோவா ஆட்கள். இவர்களுக்குப் பொறுமை கிடையாது. ஒரு நட்சத்திரம் வெடித்தால் சில வாரங்களில் ஏறி, இறங்கி, மங்கிவிடும். மாதம் ஒருமுறை வந்து பார்த்தால் ஒரு புள்ளிதான் கிடைக்கும். சில நாள்களுக்கு ஒருமுறை, அதுவும் வெவ்வேறு ஃபில்டரில் பார்த்தால்தான் அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைய முடியும்.

சூரியக் குடும்பத்தைப் பார்ப்பவர்களின் கணக்கு வேறு. ஒரே இரவில், அரை மணி நேர இடைவெளியில் ஒரே இடத்தை இரண்டு முறை எடுக்க வேண்டும். நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அது சிறுகோளாக இருக்கலாம். 15 இரவுகளுக்குள் இப்படி மூன்று இரவு சிக்கினால் அதன் பாதையைக் கணிக்கலாம். இந்த முறை வேலை செய்யும் என்பதற்கு முதல் படங்களிலேயே சாட்சி இருந்தது. சுமார் 10 மணி நேரப் படங்களில் அதுவரை யாருக்கும் தெரியாத 2,104 சிறுகோள்கள் அகப்பட்டன. அவற்றில் 7, பூமிக்கு அருகே வருபவை. எதனாலும் ஆபத்தில்லை.

இன்னும் சிலர், நம் பால்வீதியின் நெரிசலான பகுதியைப் பார்க்கச் சொல்கிறார்கள். கேலக்ஸிக்காரர்களுக்கோ அந்தப் பக்கம் போனாலே நேரம் வீண். நட்சத்திரக் கூட்டமும் தூசியும் சேர்ந்து, பின்னால் இருக்கும் கேலக்ஸிகளை மறைத்துவிடும்.

ஒவ்வொருவர் கேட்பதும் நியாயம்தான். எல்லாவற்றையும் கூட்டினால் 10 வருஷம் போதாது, அவ்வளவுதான் சிக்கல்!

இந்த இடத்தில் ரூபின் குழு செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. டைம்டேபிளைப் பெரிய தலைகள் நான்கு பேர் அறைக்குள் உட்கார்ந்து எழுதவில்லை. 2018-ல், 'எப்படிப் பார்க்கலாம் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்' என்று உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். 40-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. வந்ததை அலசிப் பரிந்துரை சொல்ல ஒரு கமிட்டியும் அமைந்தது. ஆனால், 'என் யோசனைதான் சிறந்தது' என்று வாயால் சொன்னால் போதுமா? நிரூபிக்க ஒரு வழி வேண்டுமே.

நடக்காத 10 வருஷத்தின் வரைபடம்

அந்த வழிதான் சிமுலேஷன். டெலஸ்கோப் முழுதாக எழுவதற்கு முன்பே, அது கம்ப்யூட்டருக்குள் பலநூறு முறை 10 வருஷம் வேலை பார்த்து முடித்துவிட்டது. ஒவ்வோர் இரவும் சூரியன் எத்தனை மணிக்கு மறையும், நிலவு எங்கே நிற்கும், டெலஸ்கோப் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திரும்ப எத்தனை விநாடி, ஃபில்டர் மாற்ற எவ்வளவு நேரம் என எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. மேகம்கூட உண்டு. அந்தப் பகுதி மலைகளில் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த வானிலைப் பதிவுகளைக் கொண்டே 'இன்றிரவு மேகமூட்டம்' என்று முடிவு செய்யும்.

ஒரு சிமுலேஷன் ஓடி முடிந்தால் கையில் கிடைப்பது சுமார் 20 லட்சம் வரிகள் கொண்ட ஒரு பட்டியல். எந்தத் தேதி, எந்த நேரம், எந்தத் திசை, எந்த ஃபில்டர். அதை யார் உட்கார்ந்து படிப்பது? வரைபடமாக மாற்றினால்தான் கண்ணுக்குப் புலப்படும்.

அதற்கு ஹீல்பிக்ஸ் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். 1990-களில், பேரண்டத்தின் ஆதி வெப்பத்தை அளக்கும் ஆய்வுகளுக்காக உருவானது. வானத்தை ஒரு பந்தாக நினைத்து, முதலில் 12 சம துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொன்றையும் நான்காக, அந்த நான்கையும் நான்கு நான்காக என்று வெட்டிக்கொண்டே போகலாம். 6 முறை வெட்டினால் 49,152 துண்டுகள். எல்லாம் ஒரே பரப்பளவு. பலாப்பழத்தை இப்படிச் சமமாகப் பங்குபோட முடிந்தால் பல வீடுகளில் சண்டையே வராது.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி கேட்கலாம். 10 வருஷத்தில் எத்தனை முறை பார்த்தோம்? இரண்டு பார்வைகளுக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி? இங்கே ஒரு சூப்பர்நோவா வெடித்திருந்தால் பிடித்திருப்போமா? பதிலுக்கு ஏற்ப நிறம் பூசினால், முட்டை வடிவத்தில் முழு வானமும் ஒரே படத்தில் வந்துவிடும். அதிகம் பார்த்த இடம் மஞ்சள், குறைவாகப் பார்த்த இடம் கருநீலம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குகளைப் போடும் சாஃப்ட்வேரையும் சிமுலேஷன் முடிவுகளையும் பொதுவில் வைத்துவிட்டார்கள். தன் ஆய்வுக்கு எந்தத் திட்டம் நல்லது, எது கெட்டது என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக் காட்டலாம். குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

இந்த வரைபடங்கள் காப்பாற்றிய ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆரம்பகாலத் திட்டத்தில், வானத்தை நிலையான கட்டங்களாகப் பிரித்து, கேமராவை ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தின் அதே மையத்தில் வைப்பதாக ஒரு வழி இருந்தது. கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு. ஆனால், கேமரா பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட வட்டம். வட்டங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏறிய இடத்துக்கு இரட்டிப்புப் படங்கள் கிடைக்கும். ஓர் இரவில் இது பெரிதாகத் தெரியாது. 10 வருஷத்தையும் சேர்த்து ஆழத்தை வரைபடமாகப் போட்டபோது, வானம் முழுக்க தேன்கூடு!

ஆழமாகப் பார்த்த இடத்தில் மங்கலான கேலக்ஸிகளும் தெரியும். எண்ணிக்கை கூடும். கேலக்ஸிகள் எங்கே கூட்டமாக இருக்கின்றன என்பதை வைத்துதான் பேரண்டத்தின் கதையையே எழுதுகிறார்கள். இந்தத் தேன்கூடு அப்படியே இருந்திருந்தால், டைம்டேபிளின் தழும்பு பேரண்டத்தின் அமைப்போடு கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. 10 வருஷம் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் திரும்ப எடுக்கவும் முடியாது.

தீர்வு என்னவோ எளிமையானதுதான். கட்டங்களின் மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்கில்லாமல் நகர்த்திவிடுவது. இப்போதைய திட்டத்தில், வானத்தின் மேல் போர்த்தும் இந்தக் கட்ட வலையையே ஒவ்வோர் இரவும் வேறு மாதிரி சுழற்றி வைக்கிறார்கள். ஓரங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழாது. தேன்கூடு கரைந்துபோய், வரைபடம் சீராகிவிட்டது.

சூப்பர்நோவா ஆட்களுக்கும் கேலக்ஸிக்காரர்களுக்கும் நடுவிலான வழக்கு இவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. வந்த சமரசம் இது: வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொள்வது. ஒரு பருவத்தில் சில பட்டைகளுக்கு அதிக முறை, மற்றவற்றுக்குக் குறைவாக. அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்வது. வெடிப்புகளைத் தேடுபவர்களுக்கு அடிக்கடி படம் கிடைக்கும். 10 வருஷ முடிவில் எல்லாப் பட்டைகளும் சமமாகிவிடும். ஆனால், நடுவில் எடுத்த வரைபடம் வரி வரியாக இருக்குமே? கேலக்ஸிக்காரர்களின் முறையீடு அதுதான். அதனால், இந்த சுழற்சி முறையை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்தி சமன் செய்வது என்பதும் தனி விவாதமானது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால், எவ்வளவு இழக்கிறோம் என்பது எல்லோருக்கும் படமாகத் தெரியும். கமிட்டிகளின் வரலாற்றில் இது அபூர்வம்.

சாம்பார் வாளியும் டெலஸ்கோப்பும்

சரி, திட்டம் முடிவாகிவிட்டது. அப்படியானால் 2030 ஜனவரியில் ஓர் இரவு 11 மணிக்கு எங்கே பார்ப்போம் என்று இப்போதே சொல்லிவிடலாமா? முடியாது. அன்று மேகம் வரலாம், காற்று அடிக்கலாம், ஏதாவது ஒரு மோட்டார் மக்கர் பண்ணலாம். மணிக்கு மணி எழுதிய பட்டியல் முதல் மேகத்திலேயே கிழிந்துவிடும்.

அதனால் ரூபினின் சாஃப்ட்வேர் பட்டியலைப் பார்த்து வேலை செய்வதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவரைப்போல முடிவெடுக்கிறது. யார் இலை காலி? யார் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்? யார் பக்கத்தில் இருக்கிறார்? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினால் நடுவில் இருப்பவர் பாடு என்ன?

வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி மார்க் போடுகிறது அந்த சாஃப்ட்வேர். கடைசியாகப் பார்த்து எத்தனை நாள், இந்த ஃபில்டரில் எவ்வளவு பாக்கி, நிலவு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, திரும்ப எவ்வளவு நேரம் ஆகும். எல்லாவற்றையும் சேர்த்து, எங்கே மார்க் அதிகமோ அங்கே டெலஸ்கோப் திரும்பும். பக்கத்துக் கட்டத்துக்குத் திரும்பி நிலைகொள்ள சுமார் 5 விநாடி. ஃபில்டர் மாற்றுவதென்றால் சுமார் 2 நிமிடம். அந்த நேரத்தில் மூன்று படம் எடுத்திருக்கலாம். எனவே, அடிக்கடி ஃபில்டர் மாற்றவும் மனம் வராது.

ஃபில்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மொத்தம் 6 ஃபில்டர். கேமராவுக்குள் ஒரு சமயத்தில் 5-க்குத்தான் இடம். புற ஊதாவை ஒட்டிய நீல வெளிச்சத்துக்கான ஃபில்டர் நிலா வெளிச்சத்தில் உதவாது. அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் அதற்கு. அகச்சிவப்பை ஒட்டிய ஃபில்டர்களுக்கு நிலவு அவ்வளவு தொந்தரவில்லை. அதனால், வளர்பிறை, தேய்பிறை பார்த்து ஃபில்டரை மாற்றி வைக்கிறார்கள். நாள் பார்த்து வேலை செய்வது பஞ்சாங்கக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை!

எடுத்த படம் மலையிலிருந்து ஃபைபர் வழியாக கலிஃபோர்னியா போகிறது. பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றியது, நகர்ந்தது, மங்கியது எதுவாக இருந்தாலும் சுமார் ஒரு நிமிடத்துக்குள் அறிவிப்பு அனுப்புவதுதான் இலக்கு. ஓர் இரவுக்கு ஒரு கோடி அறிவிப்புகள் வரை வரலாம் என்பது எதிர்பார்ப்பு. மனிதர்கள் அதைப் படிக்க முடியாது. சலித்துத் தரம் பிரிக்கவே உலகில் 7 குழுக்கள் தனித்தனி சாஃப்ட்வேர்களோடு இருக்கின்றன.

ஹைதராபாத் கைமாறிய கதை

வானத்தைப் பங்குபோட்டுப் படம் எடுக்கும் ஆசை புதிதல்ல. 1887-ல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள், முழு வானத்தையும் கண்ணாடித் தகடுகளில் படம்பிடிக்க முடிவு செய்தார்கள். வானத்தைப் பட்டைகளாக வெட்டி, உலகின் சுமார் 20 ஆய்வகங்களுக்கு ஒதுக்கினார்கள். சில ஆய்வகங்கள் ஓடின, சில நடந்தன, சில உட்கார்ந்துவிட்டன. சிலியின் சான்டியாகோவுக்கு ஒதுக்கிய பட்டை அங்கே முடியாமல், கடைசியில் நம் ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. வாடிகனில் 4 கன்னியாஸ்திரிகள் 1910-லிருந்து 1921 வரை உட்கார்ந்து 4,80,000-க்கும் அதிகமான நட்சத்திரங்களின் இடத்தை அளந்தார்கள். நட்சத்திரப் பட்டியல் முடிய 1960-கள் வரை ஆனது. கூடவே திட்டமிட்ட முழு வரைபடம் முடியவே இல்லை.

அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஒரு தகடு எடுக்க எவ்வளவு நேரம், ஒரு பட்டை முடிய எத்தனை வருஷம், ஓர் ஆய்வகம் கைவிட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை.

ஓட்டிப் பார்த்தாலும் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடுவதில்லை. திட்டம் தீட்ட ஆரம்பித்தபோது யாரும் நினைக்காத ஒன்று, வானத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட இன்டர்நெட் செயற்கைக்கோள்கள். படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகும். அவற்றிலிருந்து ஒதுங்கி ஒதுங்கிப் படம் எடுத்தால் என்ன ஆகும் என்றும் சிமுலேஷன் செய்து பார்த்தார்கள். கோடு விழும் படங்களைப் பாதியாகக் குறைக்கலாம். விலை, சுமார் 10 சதவிகித நேரம். 10 வருஷத்தில் ஒரு வருஷம்! அந்த விலையைக் கொடுப்பதா, கோட்டைச் சகித்துக்கொள்வதா என்பதற்கு வரைபடம் பதில் சொல்லாது. அதிலும், செயற்கைக்கோள்களை அனுப்புவது யாரோ, நேரத்தை இழப்பது யாரோ என்பதுதான் கொடுமை.

பெரிய சர்வேக்கு நடுவே, சில சின்ன இடங்களை மட்டும் மிக அடிக்கடி, மிக ஆழமாகப் பார்ப்பதற்கும் டைம்டேபிளில் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் ஒன்றின் பெயர் 'சந்திரா ஆழ்புலம், தெற்கு'. நாசாவின் சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் உற்றுப் பார்த்த இடம் என்பதால் அந்தப் பெயர். அந்த டெலஸ்கோப்புக்குப் பெயர் தந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அவர் போட்ட கணக்குதான், ஒரு வெள்ளைக் குள்ளன் நட்சத்திரம் சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்காது என்ற வரம்புக்கு வித்திட்டது. ரூபின் வேட்டையாடும் சூப்பர்நோவாக்களில் ஒரு முக்கிய வகை, அந்த வரம்பை நெருங்கும் வெள்ளைக் குள்ளன்கள் வெடிப்பதால் வருவதாக விளக்கப்படுபவை.

2025 ஜூன் 30-ம் தேதி ரூபின் வெளியிட்ட முதல் டேட்டா தொகுப்பில், ஒரு சின்ன சோதனை கேமரா 7 இடங்களில் எடுத்த 1,792 படங்கள் இருந்தன. அதில் அதிகப் படங்கள் கிடைத்த இடம், இந்தச் சந்திரா புலம்தான்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தை ஒட்டி சூரியன் அந்தப் பக்கம் வந்துவிடும். அந்த வாரங்களில் அந்த இடத்தைப் பார்க்க எந்த சாஃப்ட்வேராலும் வழி செய்ய முடியாது. அப்போது அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்து மங்கினால், ரூபின் அதைப் பார்க்காது. சிமுலேஷன் வரைபடங்களில் அந்த இடைவெளி, வருஷத்துக்கு ஒன்றாக, 10 வருஷத்துக்கும் இப்போதே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது.